தொண்ணூறு நாள்

காக்கி புக்கிட், நான்காம் மாடி.
எங்கள் கதவுக்கு எதிரே சரக்கு மின்தூக்கி.
அது திறக்கும்போதெல்லாம்
யாரோ காசோலையோடு வருவதாக
ஒரு நொடி நினைத்துக்கொள்கிறேன்.
இன்று காலை வந்தது
பக்கத்து அச்சகத்துக்குக் காகிதம்.

கம்பெனியின் பெயர் நீளம்:
வாகை குளிர்பதனப் பராமரிப்பு பிரைவேட் லிமிடெட்.
ஆட்கள் அவ்வளவு இல்லை.
நான், மாசிலாமணி, ரஃபீகுல்,
ஒரு வேன், இரண்டு ஏணி.
ஒரு ஏணிக்குக் கால் ஆடும்.

ஜூரோங்கில் ஒரு கட்டடம்,
பன்னிரண்டு மாடிக்கும் குளிர் எங்கள் கைவேலை.
பில் அனுப்பி எழுபத்தொரு நாள்.
கணக்குப் பிரிவில் ஷெரில் என்றொரு பெண்,
கோபமே தெரியாத குரல்.
"சிஸ்டத்தில் இருக்கிறது" என்பாள்,
வயிற்றில் இருக்கிறது என்பதுபோல.
நாள் நிறைந்தால் தானாக வந்துவிடுமாம்.

போன மாதம் அந்த வரவேற்பறையில்
ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.
நாங்கள் போட்ட குளிர்
நேராக என் முதுகில் இறங்கியது.
வேலை சுத்தம். அதில் குறை சொல்ல முடியாது.

அவர்களுக்குத் தொண்ணூறு நாள் என்பது ஒரே சொல்.
எனக்கு அதை எண்ண வேண்டியிருக்கிறது.
முதல் தேதி வாடகை.
ஏழுக்குள் சம்பளம்.
பதினான்குக்குள் சேமநிதி.
பதினேழில் ரஃபீகுலுக்கான தீர்வை,
அது யாரையும் கேட்பதில்லை,
வங்கியிலிருந்து தானே எழுந்து போய்விடும்.
மாதக் கடைசியில்
வேனுக்குப் பத்து வயது நிறைகிறது.

பிள்ளைக்கென்றால் கேக் வெட்டலாம்.
வேனுக்கு உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும்.
இந்த வேனை இன்று விற்றால் வருகிற காசு
அது நாளை சாலையில் நிற்பதற்குப் போதாது.
மூன்று மாதச் சராசரியைக் கைப்பேசியில் பார்க்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல், நாளுக்கு நாலு தரம்.
இறங்கவில்லை.

மானியம் இருக்கிறது என்றார் கருத்தரங்கில் ஒருவர்.
முதலில் நீங்கள் செலவழியுங்கள், பிறகு திருப்பித் தருவோம்.
பிறகு என்ற சொல்லை
எல்லாரும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்!

"வாடகை வேன் எடுத்துக்கலாம்க்கா" என்கிறார் மாசிலாமணி.
ரஃபீகுல் எதுவும் சொல்வதில்லை.
பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தவன்
விரலால் காட்டினான்:
எங்கள் தொலைபேசி எண்ணில் ஒரு எட்டு
பாதி உரிந்து மூன்றாகியிருந்தது.
எத்தனை நாளாக?
அந்த மூன்றை அழைத்தவர்களின் வீடுகளில்
இப்போது யார் வேலை செய்கிறார்கள்?

மாலை ஐந்தரைக்கு மின்தூக்கி திறந்தது.
செப்புக்குழாய்க் கடை திரு கோ.
நம் மொழியில் கோ என்றால் அரசன்.
இவர் கால்சட்டை முழங்காலில் நைந்திருந்தது.
விரலில் பை கோப்பி தொங்க,
"சும்மாதான் வந்தேன் லா" என்றார்.
சும்மா யாரும் எங்கள் மாடிக்கு வருவதில்லை.
அவருக்கு நான் தர வேண்டியது
ஆறாயிரத்து முந்நூறு வெள்ளி.
எண்பத்தெட்டு நாள்.

வாய் திறந்தேன்.
வந்தது ஷெரிலின் குரல்.
"சிஸ்டத்தில் இருக்கிறது அங்கிள்."

எங்களிடம் சிஸ்டம் கிடையாது.
ஒரு பச்சை அட்டைக் கோப்பு,
அதைக் கடித்துக்கொண்டு துருப்பிடித்த ஒரு கிளிப்.
அவருக்கும் அது தெரியும்.
தலையாட்டினார்,
ஜூரோங்கில் நான் ஆட்டுகிற அதே அளவு.
கோப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
எனக்குத்தான் வாங்கி வந்திருக்கிறார்.

இரவு பத்தே கால்.
வங்கிச் செயலியில் ஆறாயிரத்து முந்நூறு என்று அடித்தேன்.
அழித்தேன்.
மூவாயிரம் என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
பிறகு கணக்குப் பார்க்காமல்
முழுவதையும் அனுப்பிவிட்டேன்.
மிச்சம் இருப்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

கீழே வேன் நிற்கிறது.
மாதம் முடிய ஒன்பது நாள்.
நாளைக்குக் கறுப்பு டேப் ஒரு சுருள் வாங்கி
அந்த எட்டை முதலில் ஒட்ட வேண்டும்.